அக்காவின் பற்றரியில் ஓடிய விளையாட்டுகள்

மேலிருந்து கட்டைகள் விழ, அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். மூளைக்கு நல்லதாம், பொறுமையைப் பழக்குமாம். மண்ணாங்கட்டி. என் சிறுவயதில் நான் ஆகக் கூடுதலாக விளையாடியது அதைத்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்: அது விளையாட்டே இல்லை. வெல்லவே முடியாத ஒன்றை எப்படி விளையாட்டு என்பது? நன்றாக அடுக்கினால் பரிசாக என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? கட்டைகள் இன்னும் வேகமாக விழும். நீட்டுத்தடி ஒன்று வரும் என்று நம்பி ஒரு பக்கத்தில் இடம் விட்டு வைத்திருப்போம். கோணல் மாணலாக எல்லாம் வரும், அது மட்டும் வராது. பொறுத்துப் பார்த்து, அலுத்துப்போய், அந்த இடத்தையும் எதையாவது போட்டு மூடிய பிறகு ஆடி அசைந்துகொண்டு வந்து சேரும். எங்கள் ஊருக்கு நிவாரண லொறியும் அப்படித்தான் வரும்.

எங்கள் ஊர் தர்மபுரம். வீட்டில் அம்மா, அக்கா, நான், மூன்று பேர்தான். அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு ஓடிவந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா கைப்பிள்ளையாக வந்தாள். நான் பத்து வருடம் கழித்து இங்கேயே பிறந்தேன். அதனால் வீட்டில் அம்மா 'ஆமா' என்பார், நானும் அக்காவும் 'ஓம்' என்போம். அப்பா மலேரியாவில் போய்விட்டார். அம்மா கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போவார். அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை, அதாவது சம்பளம் என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லாமல் படிப்பிக்கிறவள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது.

கையில் பிடித்து விளையாடும் அந்தச் சாமான் எங்களிடம் வந்தது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் வளவுக்குள் கொட்டில் போட்டு ஒன்றரை வருடம் இருந்தது. அவர்களின் மகளுக்கு என் வயது. அவளுடைய மாமா வெளிநாட்டில் இருந்து யாரிடமோ கொடுத்து அனுப்பியது அது. வன்னியைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைத்து அவர்கள் வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டபோது, சோதனைச் சாவடியில் எப்படியும் பறித்துவிடுவார்கள் என்று அவளின் தாய் சொன்னா. பறிகொடுப்பதைவிட எனக்குத் தந்துவிட்டுப் போகலாம் என்று அவள் தந்தாள். தரும்போது அழுதாள். நான் அழவில்லை. எனக்குச் சந்தோசத்தில் வாய் மூடவில்லை.

அதன் முகப்பில் ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சம் விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் எட்டு. மிச்சமெல்லாம் அதே எட்டைக் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் ஓடவிடுவது. இவ்வளவு பெரிய பொய்யை நெற்றியில் எழுதிக்கொண்டு ஒரு சாமான் கடையில் விலைப்பட்டிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டில் கார் ஓட்டம் ஒன்று. மற்றக் கார்களில் இடிக்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். ஒரு ஊர் வராது, ஒரு சந்தி வராது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற எங்கள் ரோட்டு குண்டும் குழியுமாகக் கிடந்தாலும் அதில் போனால் விசுவமடுவாவது வரும். இன்னொன்று டாங்கி விளையாட்டு. ஊர்ப் பெடியன்களுக்கு அதில் உயிர். வெளியே நடக்கிற யுத்தம் போதாது என்று அதையே கைக்குள்ளும் வைத்து அமத்திக்கொண்டிருந்தார்கள். நான் அதை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டேன். சுவரை உடைக்கிற பந்து விளையாட்டு மட்டும் பரவாயில்லை. உடைந்தது உடைந்ததுதான், திரும்ப முளைக்காது.

பாம்பு விளையாட்டை அம்மாவுக்குக் காட்டினேன். பாம்பு இரை தின்னத் தின்ன நீளும், நீண்டு நீண்டு கடைசியில் தன் வாலிலேயே மோதிச் செத்துப்போகும். அம்மா குனிந்து நின்று இரண்டு சாவு பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பசிக்குத் தின்னதுக்குச் சாவணுமா? இது எவனோ தோட்டத்துக் கங்காணி செஞ்ச வெளையாட்டுடி."

விளையாட்டுகளைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதைவிடச் சரியானது ஒன்று இல்லை. வெகுகாலத்துக்குப் பிறகு வவுனியாவில் ஒரு கடையில் காசு கொடுத்து ரீவியில் கலர் விளையாட்டு விளையாடினேன். குழிக்கு மேலால் பாய்கிற ஒரு குள்ளனுக்கு மூன்று உயிர் தருகிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் ஒவ்வொரு தரம் விழுகிறபோதும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்மணி நேரம் முடிய முன்னமே எழும்பி வந்துவிட்டேன்.

சாமான் கிடைத்தது சரி, அதற்குப் பற்றரி வேண்டுமே. அந்த நாட்களில், யுத்தத்தைச் சொல்லி, வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். செத்த பற்றரியை வெயிலில் காய வைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும். அதனால் எந்த வீட்டுத் தகரத்தைப் பார்த்தாலும் மிளகாயோடு நாலு பற்றரியும் காயும். என் விளையாட்டுக்கு விரல் அளவில் இரண்டு சின்னப் பற்றரி தேவை. இரண்டில் ஒன்று நல்லதாக இருந்தால் மற்றது அரை உயிரில் கிடந்தாலும் ஓடும் என்பதைக் கண்டுபிடித்தவள் நான். அந்த ஒரு நல்ல பற்றரி எங்கள் வீட்டில் இருந்தது. அது அக்காவின் காது.

அக்காவுக்குப் பிறவியில் நன்றாகக் கேட்டது. உயர்தர வகுப்பில் படிக்கும்போது அவளுக்கும் மலேரியா வந்து மூளைக்கு ஏறிவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தபோது காதுக்குள் வண்டு இரைகிறது என்றாள். வண்டு போகவில்லை, மற்றச் சத்தமெல்லாம் போய்விட்டது. காய்ச்சலால் போனதோ மருந்தால் போனதோ யாருக்கும் தெரியாது. முகத்துக்கு நேரே நின்று கதைத்தால் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வாள். ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்குக் காது கேட்கும் கருவி ஒன்று கொடுத்திருந்தது. சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதைச் சட்டைக்குள் குத்தி, வயரைப் பின்னலுக்குள்ளால் விட்டுக் காதில் மாட்டிக்கொள்வாள். அதற்கு ஒரு சின்னப் பற்றரி போதும். மாதத்துக்கு ஒரு தரம் வருகிற கிளினிக்கில், பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று பெர்மிட்டில் வந்த புதியது ஒன்று தருவார்கள்.

அந்த ஒன்றை அவள் பொத்திப் பொத்திப் பாவித்தாள். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் போடுவாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்துவிடுவாள். பின்னேரத்தில் அவள் கிணற்றடிக்குப் போனால் நான் தகரத்தைத் திறப்பேன். அரை மணி நேரம் விளையாடிவிட்டுப் பற்றரியை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுவேன். மாதக் கடைசியில் அவளுக்குப் பற்றரி இறங்கிப்போகும். இந்த முறை தந்தது பழசு போல என்று கிளினிக்காரரைக் குறை சொல்வாள். நானும் அவளோடு சேர்ந்து குறை சொல்வேன். அப்படிப்பட்ட தங்கச்சி நான்.

இதற்குள் தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்க நேர்முகப் பரீட்சை வைக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்துக்கு மஞ்சள் பூசாததுதான் குறை. அம்மாவின் ஆட்களில் ஆறு தலைமுறையாகக் கொழுந்தும் கூலியும்தான். கவர்மெண்டுச் சம்பளம் என்று ஒருவர் வாங்கியது கிடையாது. அக்கா ஐந்து வருடம் மரத்தடியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்திருந்தாள், அதனால் தகுதி இருந்தது. ஒரே ஒரு சிக்கல் காது. கருவி போட்டால் கேட்கும் என்பதை அந்த அறைக்குள் காட்டிவிட்டால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார்.

அதனால் அக்கா ஒரு வேலை செய்தாள். அந்த மாதம் வாங்கிய புதுப் பற்றரியைப் போடவே இல்லை. கடதாசியில் சுற்றித் தகரத்துக்குள் வைத்துவிட்டு, மூன்று வாரம் பிள்ளைகளின் வாயைப் பார்த்துப் பார்த்தே படிப்பித்தாள். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். அவள் முன்னால் வந்து நின்று வாயை அகலத் திறந்து திறந்து வாய்ப்பாடு சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டில் வந்து அபிநயம் பிடித்துக் காட்ட, அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த மூன்று கிழமையும் என் விளையாட்டு செத்துக் கிடந்தது. எனக்குக் கை அரித்தது. கடதாசிக்குள் கிடப்பது யாருக்காக, எதற்காக என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். ஒரு விளையாட்டு, ஒன்றே ஒன்று, கடதாசி மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேர்முகம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன்.

குசினிக்குள், அடுப்படியில் குந்தியிருந்து கட்டை அடுக்கினேன். புதுப் பற்றரியில் திரை என்ன கறுப்பு. அப்படி ஒரு தெளிவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சத்தத்தை நிற்பாட்டிவிட்டுத்தான் விளையாடினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் படலை திறபட்டது. தோட்டத்தில் இருந்து அம்மாவும், கடையில் இருந்து அக்காவும் ஒன்றாக வந்தார்கள். பதறிப்போய்ச் சாமானைக் கூரைக் கிடுகுக்குள் செருகினேன். நிற்பாட்ட நேரம் இருக்கவில்லை. பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

எடுக்க முடியவில்லை. இரவில் அம்மா குசினிக்குள்தான் பாய் போடுவார். புதனும் வியாழனும் அக்கா லீவு போட்டுவிட்டாள். நேர்முகத்துக்குப் பழகுவதற்காம். பழகிய இடம் குசினி. அம்மாவும் கூலிக்குப் போகாமல் நின்றார், அவர்தான் பரீட்சை எடுக்கிற அதிகாரி. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மா, கவிழ்த்து வைத்த உரலில் ஏறி இருந்துகொண்டு, பெற்ற மகளை 'நீங்க, வாங்க' என்று மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க ஏன் டீச்சராவணும்னு நெனைக்கிறீங்க?"

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்து, பதில் சொன்னாள். என்னையும் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் ஒரு வேலை தந்தார்கள். நான் கதவடியில் நின்று, பக்கவாட்டில் இருந்து கேள்வி கேட்கிற இன்னொரு அதிகாரி. இரண்டு நாளும் இப்படிப் போனது. எங்கள் மூன்று பேரின் தலைக்கு மேலே, கிடுகுக்குள், சாமான் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தானாக நிற்கிற புத்தி கிடையாது. யாரும் தொடாவிட்டாலும் தானே விளையாடிக் காட்டிக்கொண்டு கிடக்கும். நான் கேள்வி கேட்டுக் கேட்டுக் கூரையைப் பார்த்தேன். ஏன் மேலே மேலே பார்க்கிறாய், அதிகாரி அப்படிப் பார்க்க மாட்டார் என்று அக்கா என்னைத் திருத்தினாள்.

வியாழன் பின்னேரம் அவர்கள் இருவரும் ஒன்றாகக் குளிக்கப் போன பிறகுதான் எடுத்தேன். திரை வெள்ளையாகக் கிடந்தது. மலிவுப் பற்றரி, இரண்டு நாள் இராப்பகலாக ஓடி உள்ளதெல்லாம் போய்விட்டது. தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். மிச்சம் இருந்த வெயிலில் ஒரு தகரத்துண்டில் போட்டுக் காய வைத்தேன். கல்லில் உருட்டினேன். கடித்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது கசிந்து வரும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் நம்பினோம், அதனால் நாலு பக்கமும் கடித்தேன். அடுப்புக்கல்லின் சூட்டில் வைத்துத் திருப்பித் திருப்பி எடுத்தேன். பிறகு கடதாசியில் சுற்றித் தகரத்துக்குள் வைத்தேன்.

அப்போது வாயைத் திறந்திருந்தால் வழி இருந்தது. ரேடியோவுக்குப் பற்றரி ஒளித்து வைத்திருந்த வீடு ஊரில் இரண்டு மூன்று இருந்தது. அக்காவுக்கு என்றால் ஒன்றை இரவலாகத் தந்திருப்பார்கள். அம்மா என்னைச் சாத்து சாத்தென்று சாத்தியிருப்பார், அவ்வளவுதான். அந்த அடிக்குப் பயந்து நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நித்திரையும் கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளி காலமை அக்கா பொட்டு வைத்து, இரவல் சேலை கட்டி, பற்றரியைப் போட்டாள். கடதாசியை அவள் மங்கல் வெளிச்சத்தில் பிரித்து, பார்க்காமலே விரலால் தடவிப் போட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். அக்கா திரும்பி, கேட்கிறது என்று தலையாட்டினாள். எனக்குப் போன உயிர் வந்தது. வைத்தியம் பலித்துவிட்டது என்றே நம்பினேன். உடனே அவள் அதை நிற்பாட்டினாள், அங்கே போய்த்தான் போடுவதாம்.

நேர்முகம் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். அக்கா சைக்கிள் ஓட, நான் பின்னால் கரியரில் இருந்தேன். அது எங்கள் வழக்கம். பின்னால் வருகிற வாகனத்தின் சத்தம் அவளுக்குக் கேளாது, நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். முதுகில் ஒரு தட்டு என்றால் சைக்கிள், இரண்டு தட்டு என்றால் உழவு இயந்திரம், சட்டையைப் பிடித்து இழுத்தால் லொறி, இறங்கி ஓரமாக நில். அன்றைக்கு ஒரு தட்டும் பிசகாமல் தட்டினேன். என்னைவிட நல்ல தங்கச்சி உண்டா என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த வகுப்பறைக்கு அரைச்சுவர். வெளியே வேப்பமரத்தடியில் நின்றால் உள்ளே நடப்பது தெரியும், கேட்கும். வன்னிக்குள் வரப் பெர்மிட் எடுத்து வந்திருந்த மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் பெரிய மீசை வைத்த ஐயா, பக்கத்தில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், மற்றவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்கிறவர். வாயைப் பார்த்து விளங்கிக்கொள்ள வழியே இல்லாத ஆட்கள். அக்கா வணக்கம் சொல்லி இருந்தாள். பெட்டியைக் காட்டி, இதைப் போட்டால் தனக்கு நன்றாகக் கேட்கும் என்று தானாகவே சொன்னாள். மீசைக்கார ஐயா சந்தோசம் என்றார்.

முதல் மூன்று நாலு கேள்விக்கு அவள் சொன்ன பதிலை எங்கள் அம்மா வந்து கேட்டிருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் திரும்பக் குனிந்து ஏதோ கேட்டார். அக்கா, "திருப்பிச் சொல்லுங்கோ ஐயா," என்றாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் பெட்டியில் சத்தம் கூட்டுகிற சில்லைத் திருகினாள். மூன்றாம் தரமும் திருப்பிச் சொல்லுங்கோ என்றாள். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் தரச் சொல்லிக் கேட்டு, அவர்களுக்கு முன்னால் பெட்டியை வெளியே எடுத்துத் திறந்து, பற்றரியைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு துடைத்துத் திரும்பப் போட்டாள். கண்ணாடி போட்ட அம்மா கேள்வியைக் கடதாசியில் எழுதி நீட்டினா. அக்கா அதை வாசித்து, குரல் கொஞ்சம் உயர, பதில் சொன்னாள். மீசைக்கார ஐயா கெட்டவர் இல்லை. அவர் தன் பேனையை மூடிக்கொண்டு தணிந்த குரலில்தான் கேட்டார்.

"பிள்ளை, வகுப்பிலயும் இப்பிடி நிண்டுபோனா என்ன செய்வியள்?"

அது அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்த முகத்தோடு எழுதிய கடதாசி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரில் அந்தக் கேள்வி காதில் விழுந்தது எனக்கு மட்டும்.

திரும்பி வரும்போது பாதி வழியில், உடையார்கட்டு தாண்டி ஒரு மருதமர நிழலில், அவள் சைக்கிளை நிற்பாட்டினாள். தண்ணீர் விடாயாக்கும் என்று நினைத்தேன். அவள் என் உள்ளங்கையை விரித்துப் பற்றரியை வைத்தாள்.

"உன்ர பல்லுத்தானே?"

நான் தலையாட்டினேன். எப்ப எடுத்தனி என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன், அழுகை வந்து வாய் கோணிக்கொண்டது. அவள் என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"அழாமல் சொல்லு. அழுதியெண்டா உன்ர வாய் எனக்கு விளங்காது."

அழாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒவ்வொரு சொல்லாக, முகத்தைக் கோணாமல், செவ்வாய்க்கிழமையில் இருந்து சொன்னேன். அதற்கு முந்திய மாதங்களில் எடுத்ததையும் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்தபடியே முழுவதையும் கேட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி ஏறு, வெயில் ஏறுது என்றாள். வீட்டில் அம்மா கேட்டதற்கு, நல்லாச் செய்தனான் என்றுதான் சொன்னாள். பற்றரி விசயம் அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

மாரி முடிந்து பெயர்ப்பட்டியல் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். அதில் அக்காவின் பெயர் இல்லை. அதோடு நிற்கவில்லை. நியமனம் கிடைத்த வேறொரு ஆசிரியையை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே போட்டார்கள். ஆள் வந்துவிட்டதால் தொண்டர் தேவையில்லை. அதிபர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து, தன்னால் இயன்றதைச் செய்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை அக்கா அம்மாவோடு கச்சான் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போனாள். அம்மா முன்னால், அவள் பின்னால். அம்மா அன்றைக்கு வழி முழுக்கத் தன் தலைவிதியைத் திட்டிக்கொண்டே போனாராம். அதை அக்கா எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டு மாமி சொன்னா.

அந்த மாதமும் கிளினிக் வந்தது. அக்கா அதற்கென்று தோட்டத்தில் இருந்து நேரத்தோடு வந்து போய் வாங்கினாள். நான் திண்ணையில்லாத எங்கள் குடிசை வாசலில் பாயில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அவள் வந்து, மண் ஒட்டியிருந்த கையாலேயே, புதுப் பற்றரியை என் கொப்பிக்கு மேல் வைத்தாள்.

"இந்தா, நீ விளையாடு. கச்சானுக்குள்ள எனக்குக் கேக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோபமே இல்லை. வீட்டில் பாவிக்காமல் கிடக்கிற சாமானை அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தாள். எனக்கு வேண்டாம் என்று அவள் பார்க்கும்படி சொன்னேன். வாயைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பற்றரியைத் தகரத்துக்குள் வைத்தேன். காலமை அது திரும்ப என் கொப்பிக்கு மேல் கிடந்தது. இரண்டு நாள் இப்படி அதுவும் நானும் இழுபட்டோம்.

மூன்றாம் நாள் பின்னேரம் விளையாடினேன். இதை எப்படி எழுதினாலும் அழகாக வராது. எனக்குப் பதின்மூன்று வயது, கையில் புதுப் பற்றரி. கட்டைகள் விழ விழ அடுக்கினேன். அந்த ஒரு நாள் மட்டும் நீட்டுத்தடி கேட்ட நேரமெல்லாம் வந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் எடுக்காத புள்ளி எடுத்தேன், சாமான் அதற்கென்று வைத்திருந்த பாட்டைக் கீச்சுக் கீச்சென்று பாடியது. அக்கா ஒரு முழம் தள்ளி, என் பக்கம் திரும்பாமல், சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.